இதயத்துக்கு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மாத்திரை தேவைதானா?

டீத்தூள் பாக்கெட், பிஸ்கட், முகத்தில் பூசுகிற க்ரீம், சத்துமாவு டப்பா... எதைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு வார்த்தை தவறாமல் இருக்கிறது: ஆன்டி ஆக்ஸிடன்ட்! இருந்துவிட்டுப் போகட்டும். என் கவலையெல்லாம், அந்த வார்த்தை இதய நோயாளியின் மருந்து டப்பாவுக்குள்ளும் நுழைந்துவிட்டதே என்பதுதான்.

"வைத்தியரே, திராட்சை விதை கேப்ஸ்யூல் சாப்பிட்டா ரத்தக்குழாய் அடைப்பு கரைஞ்சு போகுமாமே?"

"மருதம்பட்டையில ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைய உண்டாம். அப்போ மத்த குளிகையை எல்லாம் விட்டிரலாம் இல்லையா?"

சுசீந்திரத்தில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. (எங்கள் குமரி மாவட்டத்தில் மாத்திரையைக் குளிகை என்று சொல்வது வழக்கம்.) கேட்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள், பேங்கில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை இன்ஜினீயராக்கிய அம்மாக்கள்... எல்லோரும் படித்தவர்கள்தான். செல்போனில் வருவதையும் படித்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்!

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். மூலிகைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால், மூலிகையைப் பிடிக்காதவன் எழுதுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயத்தைக் காப்பாற்ற, செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையில்லை. அந்தச் செடியும் காயும் பழமும் சாப்பாட்டுத் தட்டில் இருந்தால் போதும். ஆனால், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக இவற்றில் எதையுமே வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் என்று பார்ப்போம்.

வாழைக்காய் கறுக்கிற கதை

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்கிற வேலை அது. மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைத்தால் கறுப்பதில்லை. இரும்பு துருப்பிடிப்பதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே சங்கதிதான்.

நம் ரத்தத்தில் ஓடுகிற எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புக்கும் இது நடக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்த கொழுப்பு ஆக்ஸிஜனால் கெட்டுப்போகிறது. அதை அப்புறப்படுத்த வருகிற வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி, உப்பிப்போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. அப்படிச் சேரச் சேர சுவர் தடிக்கிறது. அதுதான் அடைப்பின் ஆரம்பம். இதை 1980-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் விளக்கமாகச் சொன்னார்கள்.

அப்படியானால் ஆக்ஸிஜன் கெடுக்காமல் தடுக்கிற பொருளை மாத்திரையாக விழுங்கினால் மாரடைப்பே வராதே? நியாயமான யோசனைதான்!

1993-ல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் 87,000-க்கும் மேற்பட்ட நர்சுகள், இன்னொன்றில் 39,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வைட்டமின் ஈ என்பது கடலை, சூரியகாந்தி விதை, தவிட்டு எண்ணெய் போன்றவற்றில் இருக்கிற ஆன்டி ஆக்ஸிடன்ட். அப்புறம் கேட்கவா வேண்டும்? விற்பனை கொடிகட்டிப் பறந்தது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. காசு கொடுத்து வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? உடம்பில் அக்கறை உள்ளவர். அவர் காலையில் நடப்பார். சிகரெட் பிடிக்க மாட்டார். காய்கறி சாப்பிடுவார். மாரடைப்பு வராமல் காத்தது மாத்திரையா, அவர் பழக்கமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சோதித்துப் பார்த்தபோது...

அதற்கும் வழி உண்டு. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போலப் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

'ஹோப்' என்ற ஆய்வின் முடிவு 2000-ல் வந்தது. இதய நோய் அபாயம் உள்ள 9,541 பேர், இயற்கை மூலத்திலிருந்து எடுத்த வைட்டமின் ஈ தினம் 400 யூனிட், சுமார் நாலரை வருடம். பலன்? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

2002-ல் இங்கிலாந்தில் இன்னும் பெரிய ஆய்வு. 20,536 பேர், ஐந்து வருடம். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். பலன் பூஜ்யம்! இந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே ஆட்களில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன. ஒரே ஆய்வு, ஒரே ஆட்கள். ஒன்று வேலை செய்தது, மற்றொன்று செய்யவில்லை.

"சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே வைத்தியரே?" என்று கேட்பீர்கள்.

கெடுதலும் உண்டு. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. 2011-ல் இன்னொரு பெரிய ஆய்வு, வைட்டமின் ஈ தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதைக் காட்டியது. கடைசியில் 2022-ல், நோய்த் தடுப்பு பற்றிப் பரிந்துரை செய்கிற அமெரிக்க நிபுணர் குழு, இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகள் வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டது.

கேரட் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமல்ல! கேரட்டில் இருப்பது கொஞ்சம், அதுவும் நூறு பொருட்களோடு சேர்ந்து. மாத்திரையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அளவுக்கு மீறி. ஆக்ஸிஜனின் அந்தக் காரத்தன்மை நம் உடம்புக்கும் வேண்டியிருக்கிறது. கிருமியை வெள்ளை அணுக்கள் கொல்வதே அதை வைத்துத்தான். எதற்கும் ஒரு மட்டு இருக்க வேண்டும்.

கிராம்பும் திராட்சையும்

டெஸ்ட் ட்யூபில் எந்தப் பொருளுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் சக்தி அதிகம் என்று அளந்து, அமெரிக்க விவசாயத் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் முன்வரிசையில் இருந்தது எது தெரியுமா? கிராம்பு! எங்கள் மாறாமலையில் விளைகிற அதே கிராம்புதான். அந்த நம்பர்தான் கணக்கு என்றால், இதய ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு ஆளுக்கு ஒரு பிடி கிராம்பைக் கொடுத்து அனுப்பிவிடலாமே! குழாயில் அளந்த சக்திக்கும் மனித உடம்பில் கிடைக்கிற பலனுக்கும் சம்பந்தம் இல்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்கு இதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி, 2012-ல் அந்தப் பட்டியலையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். டப்பாக்களில் மட்டும் அந்த மாதிரி நம்பர்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

திராட்சையின் கதையும் இப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, சிவப்பு ஒயின்தான் காரணமோ என்று 1990-களின் ஆரம்பத்தில் பேச்சு கிளம்பியது. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதைப் பற்றி ஏராளமாக எழுதியவர்களில் ஒருவர் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் திபக் தாஸ். அவருடைய ஆய்வுகளில் 145 இடங்களில் தில்லுமுல்லு இருந்தது என்று 2012-ல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவர் மறுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிடுவோம். இத்தாலியில் கியான்டி என்ற ஒயின் பிரதேசத்தில் 65 வயதைத் தாண்டிய 783 பேரை வருடக்கணக்கில் கவனித்து, 2014-ல் முடிவு சொன்னார்கள். சாப்பாட்டிலிருந்து ரெஸ்வெரட்ரால் அதிகம் கிடைத்தவர்களுக்கு இதய நோயும் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை.

நம்ம மருதமரம்?

இங்கேதான் என் சொந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மருதம்பட்டையைச் சித்தமும் ஆயுர்வேதமும் இதயத்துக்கு நல்லது என்று சொல்கின்றன. அது வெறும் பேச்சு இல்லை. 2001-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 105 பேருக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தபோது, பட்டைப்பொடி சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு ஓரளவு குறைந்தது. சந்தோஷம்தான். ஆனால், 30 நாள் என்பது இதய நோய்க்கு ஒரு கால அளவே அல்ல. கொழுப்பு குறைந்ததா என்று பார்த்தார்கள், மாரடைப்பு குறைந்ததா என்று பார்க்கவில்லை.

2016-ல் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இன்னும் கறாரான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயம் பலவீனமான 100 பேர், வழக்கமான மாத்திரைகளோடு மருதம்பட்டைச் சாறு 750 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 12 வாரம். இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் கூடவில்லை.

இதைச் சொல்ல ஒரு சித்த மருத்துவனுக்கு வருத்தமில்லையா? இல்லை. ஒரு மருந்தைப் பெரிய அளவில், வருடக்கணக்கில் சோதித்துப் பார்ப்பதுதான் அந்த மருந்துக்கு நாம் செய்கிற மரியாதை. மருதம்பட்டை அதற்குத் தகுதியானது. எனக்கு வருத்தமெல்லாம் வேறு. எங்கள் ஆட்களில் சிலரும் மூலிகை வியாபாரிகளும், வெளிநாட்டிலிருந்து 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற சட்டையைக் கடன் வாங்கி எங்கள் மருந்துக்குப் போட்டுவிடுகிறார்கள். தைத்தவனே சோதித்துப் பார்த்துக் கழற்றிப் போட்ட சட்டை அது! வாதம், பித்தம், கபம், உணவு, பத்தியம், ஆளின் தேகவாகு என்று பார்க்கிற ஒரு வைத்தியமுறைக்கு இது தேவையா?

அனுமார் என்ன செய்தார்?

சுசீந்திரம் கோயிலில் பதினெட்டடி அனுமாரைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. இங்கிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் மருந்துவாழ்மலை இருக்கிறது. அனுமார் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் கதையில் அனுமாருக்கு எது அந்த மூலிகை என்று அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போனாரா? மலையையே அல்லவா தூக்கிப் போனார்!

சாப்பாட்டு விஷயத்தில் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஸ்பெயினில் 55 முதல் 80 வயது வரையுள்ள 7,447 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-லும், குறைகளைத் திருத்தி மறுபடி 2018-லும் வெளியானது. காய், பழம், பயறு, மீன் அடங்கிய சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெயோ, தினம் 30 கிராம் கொட்டைப் பருப்போ சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு எல்லாம் சேர்த்து சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஜெயித்தது சாப்பாடு முழுசும்தான். அதிலிருந்து எந்த ஒரு சத்தையும் தனியே பிரித்தெடுத்துக் கொடுக்கவில்லை.

ஆலிவ் எண்ணெய்க்கு நாம் எங்கே போவது? போக வேண்டாம். முருங்கைக்கீரைத் துவரன், கொய்யா, மலைநெல்லி, பப்பாளி, சின்ன உள்ளி, பூண்டு, பயறு, ஒரு கைப்பிடி வறுத்த கடலை, மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொரிக்காத சாளைக்கறி... இவ்வளவும் வடசேரி சந்தையில் கிடைக்கிறதே! பழத்தை ஜூஸாக்கிச் சர்க்கரை போடாமல் கடித்துச் சாப்பிடுங்கள். தேங்காய் எண்ணெயிலும் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று சொல்லித் தாராளமாக ஊற்றுகிறார்கள். அது கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது என்று 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நாஞ்சில் நாட்டுச் சமையலில் தேங்காய் இல்லாமல் முடியாது, எனக்கும் தெரியும். கையைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழம், கீரை, இளநீர் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனால் கெடுவதைப் பற்றி அவ்வளவு பயம் இருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது அடுப்பிலுள்ள வாணலியை. காலையில் பூரி பொரித்த எண்ணெயில் சாயங்காலம் ரசவடை, மறுநாள் அதிலேயே அப்பளம்! திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டுப்போகிறது. அதனால்தான், பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலை முதல் கடைகளுக்குச் சட்டமே போட்டார்கள். வீட்டில் யார் அளப்பது? பீடி, சிகரெட் புகையும் இதே ரகம். அதை விடாமல் ஆன்டி ஆக்ஸிடன்ட் சாப்பிடுவது, கூரை எரியும்போது திண்ணைக்குத் தண்ணீர் தெளிப்பது மாதிரி.

குளிகையை நிறுத்தலாமா?

ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்த ஒருவர், வேறொரு உபாதைக்காக என்னிடம் வந்தார். கூடவந்த மனைவி பேச்சுவாக்கில், "வெள்ளைக் குளிகையெல்லாம் நிறுத்தியாச்சு வைத்தியரே. இப்போ மூலிகைக் கேப்ஸ்யூல் மட்டும்தான்" என்றார். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை! ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்தே நிறுத்தியிருந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். அன்றைக்கே அவருடைய இதய டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை... உடனே 'வாயு' என்று சொல்லி ஓமத்தண்ணீரும் சுக்குக்காப்பியும் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வெறும் மூச்சுத்திணறலும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம். அந்த நேரத்தில் என்னிடம் வராதீர்கள், எந்த மூலிகையையும் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியதே எதற்கு? நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு!

ஆகவே, எந்த வைத்தியரிடம் போனாலும் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். இங்கிலீஷ் மருந்தை எங்களிடமும், மூலிகையை ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். "இதைச் சாப்பிட்டால் அதை நிறுத்திவிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் சித்த வைத்தியராகவே இருந்தாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை பேருக்குக் கொடுத்து, எத்தனை வருஷம் பார்த்தீங்க?"

பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேப்ஸ்யூலுக்கு வைத்திருந்த பணத்தில், வருகிற வழியில் நாலு கொய்யாவும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.